கை வைக்கக் கூடாது

நவம்பர் 4

அன்பு மருமகளுக்கு, மாமா சலாம் சொல்லி எழுதுவது.

உன் உம்மாவின் முழங்கால் ஆபரேஷனுக்காக நீ மத்ரஸாவை என் பொறுப்பில் விட்டுப்போனபோதே, இதெல்லாம் நடக்கும் என்று நான் சொன்னேனா இல்லையா? தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்யும் அந்த இடத்தின் தரையைப் பார்த்த அன்றைக்கே, "இங்கே ஒரு நாள் ஒரு பிள்ளை வழுக்கி விழும், இடது கையில் அடிபடும்" என்று சொன்னவன் நான். யாரிடம் சொன்னேன் என்று கேட்காதே. சொன்னேன், அவ்வளவுதான்.

போனில் விவரம் சொல்ல வந்தால் நீ பாதியில், "மாமா, வாக்கியத்துக்கு வாக்கியம் கதை மாறுது. சம்பவம் நடந்தா எழுத்துல தரணும்னு நம்ம விதியிலேயே இருக்கு, எழுதி அனுப்புங்க" என்று வைத்துவிட்டாய். சரி. எழுத்து எனக்கென்ன புதுசா? எட்டாம் வகுப்பில் என் கட்டுரையைப் படித்துவிட்டு ஆசிரியர் கண்ணீர் விட்டார். இதற்கு மேல் இவனுக்குச் சொல்லிக்கொடுக்க எங்களிடம் ஒன்றும் இல்லை என்று அதோடு அனுப்பி வைத்துவிட்டார்கள்.

நடந்தது இது. நேற்று சாயங்காலம் அஸர் தொழுகைக்கு முன்னால் பிள்ளைகள் எல்லாரும் குழாயடியில் ஒளு செய்கிறார்கள். தையல்காரம்மாவின் மகள் இருக்கிறாளே, நாம் வாயாடி என்று கூப்பிடுகிற எட்டு வயசுக்காரி, அவள் ஒரு காலைத் தூக்கிக் குழாய்க்குக் கீழே வைத்துக்கொண்டு பக்கத்துப் பிள்ளைக்குக் கதை சொல்லியிருக்கிறாள். மறுகால் வழுக்கியது. தொபுக்கென்று விழுந்தாள். கை மடங்கிவிட்டது.

இங்கேதான் விஷயம். ஓதிக்கொடுக்கிற உஸ்தாத் பக்கத்தில்தான் நிற்கிறார். நிற்கிறார், நிற்கிறார், நின்றுகொண்டே இருக்கிறார்! இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, விளக்குக் கம்பம் மாதிரி. "தூக்குங்க உஸ்தாத்!" என்று நான் கத்துகிறேன். "கை வைக்கக் கூடாதே" என்கிறார். அப்புறம் நான் பார்த்துக்கொண்டிருப்பேனா? ஓதும் பலகைகளைத் தாண்டி ஒரே பாய்ச்சல். பிள்ளையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மாடிப்படி இறங்கி, கீழே சலவைக்கடை வண்டியில் போட்டு ஆஸ்பத்திரி. சலவைக்கடைக்காரம்மா மேலே போய் மற்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள். டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க பிடிச்ச பிடியினாலதான் எலும்பு விலகாம இருக்கு" என்றார். கட்டுப் போட்டாகிவிட்டது, பயப்படாதே.

தையல்காரம்மா ஆஸ்பத்திரிக்கே வந்து உஸ்தாதைப் பிடிபிடியென்று பிடித்தாள். துணியைப் பற்றி என்னவோ கத்தினாள், எனக்கு முழுசாகப் புரியவில்லை. தையல்காரிதானே, கோபத்திலும் துணிப் பேச்சுதான் வரும்.

உன் உம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? ஆபரேஷன் செய்த டாக்டரிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

மாமா

---

நவம்பர் 7

அன்புள்ள மாமாவுக்கு, வ அலைக்குமுஸ் ஸலாம்.

உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். ஒவ்வொரு தரமும் வேறு இடத்தில் தலை சுற்றியது. உம்மா கட்டிலில் படுத்தபடியே, "அவன் பாய்ஞ்சானா? ஓதும் பலகையைத் தாண்டியா? கல்யாணத்துல உட்கார்ந்து எழுந்திரிக்கவே ரெண்டு பேர் கை கொடுத்தாங்களே" என்று கேட்கிறார். அதை விடுங்கள்.

எனக்குப் புரியாதது வேறு. "கை வைக்கக் கூடாது" என்று உஸ்தாதிடம் யார் சொன்னது? பிள்ளைகள் பாதுகாப்பு அதிகாரி அம்மா பார்வையிட வரும்போது விதிகள் சுவரில் இருக்க வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்துவிட்டு வந்த தாளில் இருந்தது இது: "பிள்ளைகளை அடிப்பதோ, தேவையில்லாமல் தொடுவதோ கூடாது. பிள்ளைக்கு அடிபட்டால் பக்கத்தில் இருப்பவர் உடனே உதவ வேண்டும்." நீங்கள் அதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினால் போதும் என்றேன். நீங்கள் என்ன ஒட்டினீர்கள்?

இன்னொன்று. விதி என்னவாக இருந்தாலும், கண் முன்னால் விழுந்த பிள்ளையைத் தூக்காமல் நின்ற மனிதரைப் பிள்ளைகளோடு எப்படி வைத்திருப்பது? ஏழு வருஷமாக அவரை எனக்குத் தெரியும். சின்னப் பிள்ளைகளின் விரலைப் பிடித்து அலிஃப் எழுத்தின் மேல் இழுத்துக் காட்டுவாரே, அந்த மனிதர்தானா நின்றார்? நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. பார்த்தவர் நீங்கள், சொல்வதும் நீங்கள்.

விவரம் தெளிவாகும்வரை உஸ்தாதை வர வேண்டாம் என்று சொல்லுங்கள். மரியாதையாகச் சொல்லுங்கள். உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்துச் சொல்லுங்கள்.

மருமகள்

---

நவம்பர் 11

அன்பு மருமகளுக்கு,

நீ எழுதியது நன்றாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சுவரில் ஒட்டுகிற வாசகம் என்றால் பார்த்தவுடனே நெஞ்சில் அடிக்க வேண்டும். "தேவையில்லாமல் தொடுவதோ" என்றால் எது தேவை, எது தேவையில்லை என்று ஆளுக்கொரு பேச்சு வரும். அதனால் நான் சுருக்கினேன்: "பிள்ளைகள் மேல் யாரும் கை வைக்கக் கூடாது!" ஆச்சரியக்குறி நான் போட்டது. தமிழ் தெரிந்த யாருக்கும் புரியும், கை வைக்கக் கூடாது என்றால் அடிக்கக் கூடாது. சுற்றிலும் பிறையும் பூவும் வரைந்ததில் உன்னுடைய இரண்டாவது வாக்கியத்துக்கு இடம் போதவில்லை. அட்டை சின்னது. அது என் குற்றமா?

உஸ்தாத்தான் குழப்பினார். ஒட்டிய அன்றைக்கே வந்து, "மாமா, கை வைக்கிறதுன்னா அடிக்கிறதா, தொடுறதா?" என்று கேட்டார். இப்படி ஒரு கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. தெரியாது என்று சொன்னால் பொறுப்பில் இருக்கிறவனுக்கு அழகா? "ரெண்டும்தான் உஸ்தாத். விரல் நுனி பட்டாலும் பள்ளிக்கூடத்தை மூடிருவாங்க, அதிகாரி அம்மா என்கிட்டத் தனியா சொன்னாங்க" என்று சொன்னேன். தனியாக என்றால், அவர் போனில் ஹலோ என்றார், அந்தத் தொனியில் எனக்குப் புரிந்தது.

அன்றிலிருந்து மனுஷன் பென்சிலைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு பின்பக்க ரப்பரால்தான் எழுத்தைக் காட்டினார். ஒரு பிள்ளைக்குத் தொப்பி நழுவிக் கண்ணை மூடிவிட்டது, அதைக் கூடப் பென்சிலால்தான் நெம்பித் தூக்கினார். பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு.

நீ சொன்னபடியே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உட்கார வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். சமாதானத் தூதர்களுக்குக்கூட என் மாதிரி பேச வராது. "பிள்ளைக்குக் கை எப்படி இருக்கு?" என்று மட்டும் அவர் கேட்டார். வலது கை என்பதால் எழுதுவதற்குத்தான் சிரமம், மற்றபடி நலம் என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். தப்பு செய்யாதவர் என்றால் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருப்பார் அல்லவா?

இப்போது நானே ஓதிக்கொடுக்கிறேன். அதாவது, தெரிந்த பெரிய பிள்ளைகள் ஓதுகிறார்கள், மற்றவர்கள் சேர்ந்து சத்தம் போடுகிறார்கள், நான் தலையை ஆட்டுகிறேன். இடையில் அன்றைக்கு நடந்ததைச் சொல்லச் சொல்லிக் கேட்கிறார்கள். தினமும் சொல்கிறேன். அந்த நேரம் மட்டும் ஹாலில் ஊசி விழுந்தாலும் கேட்கும்.

"உரியவர் வந்தால் மட்டுமே பிள்ளையை அனுப்ப வேண்டும்" என்ற உன் விதியையும் கறாராக நடத்துகிறேன். நேற்று ஒரு ஆளிடம், "நீங்கதான் இந்தப் பிள்ளையோட வாப்பாங்கறதுக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டுவிட்டேன். "மூக்கைப் பாருங்க" என்று கோபமாகச் சொன்னார். பார்த்தேன். ஆதாரம் சரியாகத்தான் இருந்தது.

பெற்றோர்கள் 23ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை கூடுகிறார்கள். உஸ்தாத் வேண்டுமா வேண்டாமா என்று உன் முடிவைக் கேட்கப் போகிறார்கள். பாதிப் பேர் "கல்நெஞ்சக்காரர், அனுப்புங்க" என்கிறார்கள். பாதிப் பேர் "விதியைத்தானே கடைப்பிடிச்சார்" என்கிறார்கள். இரண்டு பக்கமும் என்னிடம் வந்துதான் பேசுகிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் நீங்கள் சொல்வது சரி என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

மாமா

---

நவம்பர் 14

மாமா,

முதல் கடிதத்தில் இடது கை, இரண்டாவதில் வலது கை. உம்மா, "ரெண்டு கையுமே உடைஞ்சிருக்குமோ?" என்று பதறிப் போய்விட்டார். அதனால் தையல்காரம்மாவுக்கே போன் செய்தேன். செய்திருக்கவே வேண்டாமோ என்று இப்போது நினைக்கிறேன், ஏனென்றால் இன்னும் குழம்பிவிட்டேன்.

இடது கைதான். அது ஆறிக்கொண்டு வருகிறது. ஆனால் அவருக்கு என்ன கோபம் தெரியுமா? உஸ்தாத் தூக்காமல் நின்றார் என்பதற்காக இல்லை. தூக்கியதற்காக!

"என் பிள்ளை என்ன நஜீஸா? அசுத்தத்தைத் தொடுற மாதிரி கையில துண்டைச் சுத்திக்கிட்டுத் தூக்கியிருக்கார்! நான் ஊர்த் துணி தைக்கிறவதான், ஆனா என் மகளைக் குளிப்பாட்டித்தான் அனுப்புறேன்" என்றார். சொல்லும்போது அழுதார். துணியைப் பற்றிக் கத்தினாள் என்று நீங்கள் எழுதினீர்களே, அது இதுதான் மாமா. நான் பிள்ளையிடமும் பேசினேன். "உஸ்தாத் தோள்ல கிடந்த துண்டை எடுத்து ரெண்டு கையிலயும் சுத்திக்கிட்டு என்னைத் தூக்கினாங்க. படி இறங்கும்போது ஓதிக்கிட்டே இறங்கினாங்க" என்றாள். "மாமா தூக்கலியா?" என்று கேட்டேன். "வண்டியில மாமா இருந்தாங்க" என்றாள்.

அப்புறம் மற்ற பிள்ளைகளிடம் கேட்டேன். ஒருத்தி நீங்கள் பறந்து வந்ததைப் பார்த்தாளாம். இன்னொருத்தி நீங்கள் ஓதும் பலகைகளைத் தாண்டியபோது சட்டை கிழிந்ததைப் பார்த்தாளாம். மூன்றாவது பிள்ளை, அன்றைக்கு மத்ரஸாவுக்கே வராதவள், அவளும் பார்த்திருக்கிறாள்! தினமும் வகுப்பில் சொல்லிச் சொல்லி, பிள்ளைகள் பார்த்தது எது, கேட்டது எது என்று அவர்களுக்கே தெரியாமல் செய்துவிட்டீர்கள்.

உஸ்தாதுக்கும் போன் செய்தேன். "நின்னது உண்மைதாம்மா. துண்டு ஞாபகம் வர்ற வரைக்கும் நின்னேன். நின்னிருக்கக் கூடாது" என்றார். "அப்போ மாமா எங்கே இருந்தார்?" என்று கேட்டேன். "ஒருத்தர் இல்லாத இடத்துல அவரைப் பத்தி நான் பேசுறதில்ல. அவர்கிட்டயே கேளுங்க" என்றார்.

கேட்கிறேன். பிள்ளை விழுந்தபோது நீங்கள் எங்கே நின்றீர்கள்? யார் தூக்கியது?

மருமகள்

---

நவம்பர் 17

அன்பு மருமகளுக்கு,

நீ வீணாகக் குழம்புகிறாய். இரண்டு கதையும் ஒன்றுதான், சேர்த்துப் பார்க்கத் தெரிய வேண்டும். முதலில் அவர் நின்றார், அவரே ஒத்துக்கொண்டிருக்கிறார் பார். பிறகு நான் குரல் கொடுத்தேன். என் குரல் கேட்டுத்தான் அவருக்குத் துண்டு ஞாபகம் வந்தது. அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். துண்டு அவருடையது, தூக்கியது என்னுடைய பலம். பிள்ளை வலியில் கண்ணை மூடியிருப்பாள், அவளுக்கு எப்படித் தெரியும்? படியில் கொஞ்ச தூரம் அவர், மீதித் தூரம் நான். அல்லது முதலில் நான். அதெல்லாம் அவசரத்தில் யார் கணக்கு வைக்கிறார்கள்?

தையல்காரம்மா விஷயத்தை நான் சரிசெய்துவிட்டேன். நேராகப் போய், "அம்மா, உங்க மகளை அசுத்தம்னு நினைச்சு இல்ல, பட்டுத்துணியைத் தூக்குற மாதிரி தூக்கினார்" என்றேன். "பட்டை வெறுங்கையாலதான் தூக்குவோம்" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். கோபம் பாதி குறைந்துவிட்டது என்பது சாத்திய விதத்திலேயே தெரிந்தது.

குறை சொல்வதற்கென்று ஒரு பெட்டி வைக்கச் சொன்னாயே, வைத்தேன். இன்று திறந்து பார்த்தால் பிள்ளைகள் எல்லாரும் ஒரே மாதிரி எழுதிப் போட்டிருக்கிறார்கள்: "உஸ்தாத் எப்போ வருவாங்க?" இது குறையே இல்லை, கேள்வி. அதனால் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று முடிவு செய்தேன்.

அந்த ஒளு இடத்துக்கு ரப்பர் விரிப்பு வாங்கிப் போட்டாயிற்று. நானே பார்த்துத் தேர்ந்தெடுத்தது. கடைக்காரன் கப்பலில் போடுகிற தரம் என்றான்.

மாமா

---

நவம்பர் 19

மாமா,

விரிப்பு நல்லது. ஆனால் எங்கே நின்றீர்கள் என்று நான் கேட்டதற்கு உங்கள் கடிதத்தில் பதில் இல்லை. எல்லா ஊர் வழியாகவும் போய் அந்த ஒரு ஊரை மட்டும் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறீர்கள்.

கோபமாக எழுதவில்லை. உம்மாகூட இன்றைக்குக் கிண்டல் செய்யவில்லை. கடிதத்தைப் படித்துக் காட்டியதும் "அவன் பயந்திருக்கான்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை என்னுடைய முடிவைக் கூட்டத்தில் படிப்பார்கள். அதிகாரி அம்மாவுக்கும் அதன் நகல் போகும். என் கையில் இருப்பது பெரியவர் ஒருவரின் எழுத்து மூலமான சாட்சி, அது உங்களுடையது. அதில் உஸ்தாத் கையைக் கட்டிக்கொண்டு நின்றார் என்று இருக்கிறது. எட்டு வயசுப் பிள்ளை வேறு சொல்கிறாள். அவர் வாய் திறந்து மறுக்கவில்லை. இந்த நிலையில் விதிப்படி நான் எழுத வேண்டியது ஒன்றுதான்: இனி அவர் வர வேண்டாம் என்று. நான் எழுதினால் அவர் காலையில் ஓதிக்கொடுக்கிற இன்னொரு இடத்திலும் கேள்வி கேட்பார்கள். விழுந்த பிள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றவர் என்று பெயர் வாங்கிய மனிதரிடம் அதன் பிறகு யார் பிள்ளையை அனுப்புவார்கள்? அவருக்கு வேறு தொழில் தெரியாது மாமா.

நீங்கள் சொல்வது உண்மை என்றால் நான் எழுதியே ஆக வேண்டும். நீங்கள் சொல்வதில் ஏதாவது ஒன்று உண்மை இல்லை என்றால், அது எது என்று மட்டும் சொல்லுங்கள். சனிக்கிழமைக்குள் என் கையில் கிடைக்க வேண்டும்.

மருமகள்

---

நவம்பர் 21

அன்பு மருமகளுக்கு,

இந்தக் கடிதத்தைச் சலவைக்கடைப் பையனிடம் கொடுத்து, அவன் வண்டியிலேயே உன் கைக்கு வரும்படி ஏற்பாடு செய்திருக்கிறேன். இதைப் போல ஒரு ஏற்பாட்டை எந்தத் தபால்காரனாலும் செய்ய முடியாது.

நீ நினைப்பதுபோல நான் பயந்தவன் இல்லை. உன் உம்மாவிடம் சொல். சின்ன வயதில் அவளைத் துரத்திய நாயை நான் முறைத்த முறைப்பில் அது ஊரைவிட்டே போனது. அவளுக்கு ஞாபகம் இருக்காது, அவள் முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள். சரி, நானும்தான் ஓடினேன். நாய் தானாகவே நின்றுவிட்டது.

நேற்று சாயங்காலம் வகுப்பில் பிள்ளைகள் வழக்கம்போல, "மாமா, பாய்ஞ்சதைச் சொல்லுங்க" என்றார்கள். தொடங்கினேன். வாயாடி கையில் கட்டோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். நான் ஓதும் பலகைகளைத் தாண்டும் இடம் வந்ததும் அவளே, "அப்புறம் என்னைத் தூக்கினீங்க!" என்றாள். அவளுக்கும் அப்படித்தான் என்று ஆகிவிட்டது. உன்னிடம் போனில் சொன்னவள் இப்போது மாற்றிச் சொல்கிறாள். உண்மை தெரிந்த ஒரே பிள்ளையையும் நான் மாற்றிவிட்டேன். இருமல் வந்த மாதிரி இருமினேன். எல்லாரையும் ஓதச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றேன்.

இதை நீ கூட்டத்தில் படிக்கச் சொல்ல வேண்டாம். நானே படிக்கிறேன். தையல்காரம்மாவை முன்னால் உட்காரச் சொல்லியிருக்கிறேன். உஸ்தாத் வீட்டுக்கும் போனேன். கூட்டத்துக்கு வரச் சொன்னேன், எதற்கு என்று சொல்லவில்லை. அவர் மனைவி தண்ணீர் கொடுத்தார், குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன்.

எழுதிக்கொள். "கை வைப்பது" என்றால் தொடுவதும்தான் என்று அவரிடம் சொன்னது நான். அதிகாரி அம்மா அப்படி எதுவும் சொல்லவில்லை. அவர் நின்றது ஒரு மூச்சு விடுகிற நேரம். நான் சொன்ன பேச்சை மீறாமல் பிள்ளையை எப்படித் தூக்குவது என்று யோசித்த நேரம் அது. பிறகு துண்டைச் சுற்றிக்கொண்டு தூக்கினார். அவரேதான் தூக்கினார். படி முழுக்க அவரே இறங்கினார். டாக்டர் பிடியைப் பாராட்டினார் என்று எழுதினேனே, அது நடந்ததுதான், ஆனால் அவரைப் பார்த்துச் சொன்னது. வண்டியில் அவர் என்னிடம், "மாமா, நான் கொஞ்சம் நின்னுட்டேன், பிள்ளைக்கு வலிச்சிருக்கும்" என்று சொல்லி அழுதார். அந்த ஒரு சொல்லை எடுத்துக்கொண்டுதான் விளக்குக் கம்பத்தை நான் நட்டேன்.

மற்றதெல்லாம் கொஞ்சம் கூட்டிச் சொன்னது. கூட்டிச் சொல்வது என் சுபாவம், உனக்கே தெரியும். ஆனால் ஒன்று மட்டும் கூட்டிச் சொன்னது இல்லை, முழுப் பொய். அவர் நின்றதையோ தூக்கியதையோ நான் பார்க்கவில்லை, வண்டியில் அவர் சொல்லித்தான் தெரியும். பிள்ளை விழுந்தபோது நான் அங்கே இல்லை.

தெருவின் எதிர்வாடையில் நகல் எடுக்கிற கடையில் இருந்தேன். நம் விதிகளை நான் அழகாக எழுதியிருப்பதை அந்தக் கடைக்காரர் பார்க்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அவர் ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்து, "பிள்ளைகள் இருக்கும் நேரம் முழுவதும் பெரியவர்கள் இரண்டு பேர் கூடவே இருக்க வேண்டும்" என்ற இடத்தில் நிறுத்தி, "ஒருத்தர் போதாதா, எதுக்கு ரெண்டு பேர்?" என்று கேட்டார். நம் மாடியிலிருந்து சத்தம் கேட்டபோது நான் அவருக்கு அதை விளக்கிக்கொண்டிருந்தேன்.

மாமா